தீபாவளி போனசில் ஏற்காட்டுக்கு பைக்கில் போறீங்களா? நம்ம ஊர் வானத்தைப் பார்த்து கிளம்பிடாதீங்க!

விழுப்புரம்:

தீபாவளி போனஸ் கைக்கு வந்ததும் விழுப்புரம், திண்டிவனம் பகுதி வாலிபர்களுக்கு வரும் முதல் யோசனை, "மச்சான், ஏற்காடு போய்ட்டு வந்துடலாமா?" என்பதுதான். 4 பேர் சேர்ந்தால் 2 பைக் போதும். டோல்கேட்டில் இரு சக்கர வாகனத்துக்கு காசு கிடையாது. பெட்ரோல் செலவைப் பங்கு போட்டுக்கொண்டால் கையைக் கடிக்காது. சனிக்கிழமை ராத்திரி வேலை முடிந்து கிளம்பி, ஞாயிறு முழுக்க மலையைச் சுற்றிவிட்டு, திங்கட்கிழமை காலை திரும்பவும் வேலையில் நிற்க வேண்டும்.

இந்த திட்டத்தில் மழைக்கு மட்டும் இடமே ஒதுக்குவதில்லை. போனஸ் வருகிற அதே நேரத்தில்தான் வடகிழக்கு பருவமழையும் வருகிறது. ஏற்காடு, கொல்லிமலை, கல்வராயன்மலை, குன்னூர் பக்கம் பாறை உருளுவது, மண் சரிவது, மரம் சாய்வது எல்லாம் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான இந்த 3 மாதத்தில்தான் அதிகம்.

"இங்கே சுள்ளுன்னு வெயில் அடிக்குது, அங்கே மட்டும் என்ன மழை பெஞ்சிடப்போவுது" என்று சொல்லித்தான் பலரும் வண்டியை எடுக்கிறார்கள். நம்ம ஊர் வானத்துக்கும் மலைக்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் மலையில் பெய்த மழைக்கும் நம்ம ஊர் ரோட்டுக்கும் சம்பந்தம் உண்டு. இதை 2024-ல் விழுப்புரம் மாவட்டமே கண்ணால் பார்த்தது.

மழை விட்ட பிறகு வந்த வெள்ளம்

2024 நவம்பர் 30-ந்தேதி இரவு பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கடந்த புயல் நகராமல் அங்கேயே நின்று கொட்டியது. மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை. நம்ம மாவட்டத்தில் ஒரு வருஷம் முழுக்கப் பெய்கிற மழையில் ஏறத்தாழ பாதி அது. டிசம்பர் 1-ந்தேதி திருவண்ணாமலையில் மலையில் இருந்து மண்ணும் பாறையும் சரிந்து வீடு புதைந்ததில் 7 பேர் பலியானார்கள்.

அதன்பிறகு புயல் வலுவிழந்து மேற்கே நகர்ந்தது. இங்கே மழை குறைந்தது. "அப்பாடா, விட்டுச்சு" என்று மக்கள் நினைத்த நேரத்தில், கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் சுமார் 50 செ.மீ. கொட்டியது. சேலம், தர்மபுரியிலும் பலத்த மழை. ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நிறுத்தப்பட்டது.

அந்த தண்ணீர் எல்லாம் தென்பெண்ணையில் சேர்ந்து சாத்தனூர் அணைக்கு வந்தது. அணை தாங்காமல் டிசம்பர் 2-ந்தேதி அதிகாலையில் வினாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கும் மேல் திறந்துவிடப்பட்டது. விடிந்தபோது விழுப்புரத்துக்கும் உளுந்தூர்பேட்டைக்கும் இடையே அரசூரில் சென்னை-திருச்சி தேசிய நெடுஞ்சாலை மீதே வெள்ளம் ஓடியது. அன்றைய தினம் விக்கிரவாண்டி-முண்டியம்பாக்கம் இடையே ரெயில் பாலத்தில் தண்ணீர் அபாய அளவைத் தாண்டியதால் ரெயில்களும் நிறுத்தப்பட்டன.

பைக்கில் போகிறவர்கள் இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. சேலத்தில் இருந்து விழுப்புரம் திரும்புகிறவனுக்கு அரசூர்தான் வழி. அங்கே வெள்ளம் வந்தது மழை பெய்த அன்று அல்ல, மறுநாள். ஞாயிற்றுக்கிழமை போகும்போது திறந்திருந்த ரோடு, திங்கட்கிழமை வரும்போது இல்லை. கிளம்பும் நாள் வானிலையை மட்டும் பார்க்கிறவர்கள் மாட்டிக்கொள்வது இப்படித்தான். திரும்பும் நாளுக்கும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சாத்தனூர் அணை திறப்பு என்று செய்தி வந்தால், அது விவசாயிகளுக்கான செய்தி மட்டும் இல்லை.

"டிசம்பர் கடைசிக்குள் மழை முடிஞ்சிடும், புது வருஷத்துக்குப் போலாம்" என்பவர்களும் உண்டு. 2011-ல் தானே புயல் கடலூர்-புதுச்சேரி இடையே கரையைக் கடந்தது டிசம்பர் 30-ந்தேதி அதிகாலையில்.

எந்த மலை எப்போது நனையும்?

வீட்டுச் சுவரை வைத்தே இதைப் புரிந்துகொள்ளலாம். காற்றோடு மழை அடித்தால் சாரல் படுகிற பக்கத்துச் சுவர் ஊறிப்போகும். மறுபக்கத்துச் சுவர் காய்ந்தே கிடக்கும். மலையும் அப்படித்தான்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை காற்று மேற்கில் இருந்து, அரபிக்கடல் ஈரத்தோடு வருகிறது. அது மலையின் மேற்கு முகத்தில் மோதி மேலே ஏறும்போது குளிர்ந்து மழையாகக் கொட்டும். நீலகிரியில் கூடலூர், பந்தலூர், அவலாஞ்சி எல்லாம் அப்போதுதான் நனையும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கும் மேல் மழை பதிவானது. அதே நீலகிரியில் கிழக்கே இருக்கும் குன்னூர், கோத்தகிரியில் அந்த நேரம் அவ்வளவு மழை இருக்காது. நம்ம விழுப்புரத்தில் வெயில், சில நாள் மாலையில் இடி மழை, அவ்வளவுதான்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை காற்று திரும்பிவிடும். வங்கக்கடல் ஈரத்தோடு கிழக்கில் இருந்து வரும். இப்போது நனைவது கிழக்கு முகம். குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் கீழ்மலை, ஏற்காடு, கொல்லிமலை, கல்வராயன்மலை, ஜவ்வாதுமலை எல்லாம் இதில் வந்துவிடும். 2009 நவம்பரில் நீலகிரியில் நடந்த தொடர் மண் சரிவில் 40-க்கும் மேற்பட்டவர்கள் உயிர் இழந்தார்கள். மேட்டுப்பாளையத்தில் இருந்து மேலே போகும் ரோடுகள் பல இடங்களில் அறுந்துபோயின. நம்ம ஆட்கள் ஊட்டிக்குப் போவது பெரும்பாலும் இந்த மேட்டுப்பாளையம், குன்னூர் வழியில்தான் என்பதை மறக்கக்கூடாது.

ஆக, விழுப்புரத்துக்காரன் ஊட்டி போக ஆசைப்பட்டால், பிப்ரவரி முதல் ஏப்ரல் பாதி வரை நல்ல காலம். மே மாதம் கூட்டம். 2024 மே 7-ந்தேதி முதல் சென்னை ஐகோர்ட்டு உத்தரவின்படி ஊட்டி, கொடைக்கானல் போகும் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் முறை வந்தது. வண்டி நம்பரைப் பதிவு செய்து பாசை செல்போனில் வைத்துக்கொண்டுதான் கிளம்ப வேண்டும். ஊட்டியைத் தாண்டி முதுமலை, பந்திப்பூர் வழியாக மைசூர் போகிறவர்களுக்கு இன்னொன்று. இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை அந்த காட்டு ரோடு மூடியிருக்கும்.

நம்ம பக்கத்து மலைகள்

ஊட்டி அவ்வளவு தூரம் எதற்கு என்பவர்களுக்கு பக்கத்திலேயே 4 மலை இருக்கிறது.

கள்ளக்குறிச்சி, கச்சிராயப்பாளையம் வழியாக ஏறினால் கல்வராயன்மலை. 2019 வரை இது நம்ம விழுப்புரம் மாவட்டத்தில்தான் இருந்தது. வெள்ளிமலை, கரியாலூர், மேகம் அருவி, பெரியார் அருவி என்று ஒரே நாளில் பார்த்துவிட்டு வரலாம். அருவியில் தண்ணீர் நிறைய விழும் நாட்களும், அருவி ஆளை இழுத்துக்கொண்டு போகும் நாட்களும் ஒரே மாதத்தில்தான் வரும். மழை விட்டு ஒரு வாரம் கழித்து, டிசம்பர் கடைசி அல்லது ஜனவரியில் போனால் தண்ணீரும் இருக்கும், பயமும் குறைவு. மார்ச்சுக்கு மேல் போனால் பாறையைத்தான் பார்க்கணும்.

திண்டிவனத்துக்காரர்களுக்கு கிட்டத்தில் இருப்பது ஜவ்வாதுமலை. செஞ்சி, திருவண்ணாமலை, போளூர் வழியாகப் போய் ஜமுனாமரத்தூர் ஏறலாம். ரோட்டில் கூட்டம் குறைவு. அதுதான் அதன் அழகு, அதுவே சிக்கலும். வழியில் பஞ்சர் ஆனால் கடை தேடி வெகுதூரம் தள்ள வேண்டியிருக்கும்.

ஏற்காடு, விழுப்புரத்தில் இருந்து சேலம் வரை சுமார் 170 கி.மீ., அதற்கு மேல் 30 கி.மீ. மலைப்பாதை, 20 கொண்டை ஊசி வளைவு. கொல்லிமலைக்கு காரவள்ளியில் இருந்து 70 கொண்டை ஊசி வளைவு. ஆடி 18-ஐ ஒட்டி அங்கே வல்வில் ஓரி விழா நடக்கும். ஆடி மாதம் இந்த 2 மலைகளிலும் பெரும்பாலும் மாலை நேர மழைதான். காலையில் ஏறி மதியத்துக்குள் சுற்றிப் பார்த்துவிடுகிறவனுக்கு ஆடி மோசமில்லை. தை பாதி முதல் மாசி, பங்குனி வரை இன்னும் நல்லது. என்னைக் கேட்டால், போனஸ் பணத்தில் கொஞ்சத்தை எடுத்து வைத்துவிட்டு காணும் பொங்கல் முடிந்த அடுத்த வாரம் போகலாம். மலையிலும் கூட்டம் வடிந்திருக்கும்.

எத்தனை மணிக்குக் கிளம்புவது?

பைக்கில் போகிறவர்களுக்கு ஒரு பழக்கம் இருக்கிறது. எந்த மாதமாக இருந்தாலும் விடியற்காலை 3 மணிக்கோ, 4 மணிக்கோ கிளம்புவது. "விடியறதுக்குள்ள சேலத்தைப் பிடிச்சிடலாம்" என்று பேச்சு. இது சித்திரை, வைகாசிக்குச் சரி. அக்னி நட்சத்திர வெயிலில் காலை 10 மணிக்கு மேல் நெடுஞ்சாலையில் ஓட்டினால் தலை சுற்றும். அந்த மாதத்தில் சீக்கிரம் கிளம்பத்தான் வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகையில் இதே பழக்கம் காலை வாரிவிடும். கடலோர மாவட்டங்களில் வடகிழக்கு பருவமழை பெரும்பாலும் நள்ளிரவுக்கு மேல் தொடங்கி அதிகாலையில்தான் வலுவாகப் பெய்யும். அதாவது இவர்கள் கிளம்புகிற அதே நேரம். இருட்டு, மழை, எதிரே வரும் லாரி வெளிச்சம், ஹெல்மெட் கண்ணாடியில் தண்ணீர். ரோட்டில் தேங்கிய தண்ணீருக்குள் குழி இருப்பது விழுந்த பிறகுதான் தெரியும்.

மார்கழி, தையில் மழை குறைவு. பனிமூட்டம் இருக்கும். ஜி.எஸ்.டி. ரோட்டில் ஓங்கூர், திண்டிவனம், விக்கிரவாண்டி வரை ஏரிக்கரை ஓரங்களில் சில நாள் காலை 7 மணி வரைக்கும் முன்னே போகும் வண்டி தெரியாது. சாலை ஓரம் விளக்கு போடாமல் நிறுத்தி வைத்த லாரியின் பின்னால் மோதும் விபத்துகள் இந்த நேரத்தில்தான். இந்த மாதங்களில் வெயில் எட்டிப் பார்த்த பிறகு கிளம்பினால் ஒன்றும் குடி முழுகாது.

மலையில் கணக்கு வேறு. ஏப்ரல், மே மாதங்களில் காலையில் பளிச்சென்று இருக்கும். மதியம் 2 மணிக்கு மேல் கருத்துக்கொண்டு வந்து இடியோடு கொட்டும். அந்த நேரம் ரூமிலோ, டீக்கடையிலோ இருக்க வேண்டும். ரப்பர் டயர் இருப்பதால் பைக்கில் போகிறவனை மின்னல் தாக்காது என்று ஒரு நம்பிக்கை ஊரில் இருக்கிறது. அது தப்பு. காருக்குள் இருப்பவனைக் காப்பாற்றுவது சுற்றி இருக்கும் இரும்பு உடம்புதான், டயர் அல்ல. பைக்குக்கு அது இல்லை. மரத்தடியில் ஒதுங்குவது அதைவிட ஆபத்து. கட்டிடமாகப் பார்த்து ஒதுங்கணும்.

குளிருக்கு பேப்பர்

பொதுவாக 1,000 மீட்டர் உயரம் ஏறினால் வெப்பம் 6 டிகிரிக்கு மேல் குறையும். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். விழுப்புரத்தில் 30 டிகிரி என்றால் அங்கே 20-தான். ஊட்டி 2,240 மீட்டர். இங்கே டீ-சர்ட்டோடு கிளம்புகிறவனுக்கு அங்கே 15 டிகிரி. டிசம்பர், ஜனவரி அதிகாலையில் ஊட்டி தலைகுந்தா பக்கம் புல்வெளியில் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும்.

பைக்கில் காற்று வேறு அடிக்கும். 10 டிகிரி குளிரில் 40 கி.மீ. வேகத்தில் போனால் உடம்புக்கு 6 டிகிரி மாதிரி இருக்கும். விரல் மரத்துப்போனால் பிரேக், கிளட்ச் பிடிக்க முடியாது. சட்டை நனைந்திருந்தால் இன்னும் மோசம். விலை உயர்ந்த ஜாக்கெட் வாங்க எல்லோராலும் முடியாது. சட்டைக்குள் நெஞ்சுப் பக்கம் 4 மடிப்பு செய்தித்தாள் வைத்தால் காற்று உள்ளே போகாது. பழைய லாரி டிரைவர்கள் வைத்திருந்த வித்தைதான் இது. (நேற்றைய மாலை பேப்பரே போதும்.) அதற்கு மேல் மேல்சட்டை, பேன்ட் தனித்தனியாக உள்ள மழைக்கோட்டு ஒன்று, கைக்கு உறை, மாற்றுத் துணியை பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால் போதும். நீலகிரியில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கும் தண்ணீர் பாட்டிலுக்கும் தடை இருப்பதால் கெட்டியான பையாக எடுத்துப் போகணும். குடிதண்ணீருக்கு எவர்சில்வர் பாட்டில் நல்லது.

இறங்கும்போதுதான் விழுகிறார்கள்

ஏறும்போது வண்டி முக்கும், முனகும். 1,000 மீட்டருக்கு ஏறத்தாழ 10 சதவீதம் என்ஜின் சக்தி குறையும் என்பதால் 100 சி.சி. வண்டியில் 2 பேர் ஏறினால் முதல் கியர், இரண்டாவது கியர்தான். அதனால் ஆபத்து இல்லை, நேரம்தான் ஆகும்.

இறங்கும்போதுதான் வினை. பெட்ரோல் மிச்சம் பிடிக்கிறேன் என்று என்ஜினை அணைத்து நியூட்ரலில் விடுகிறவர்கள் நம்மில் நிறைய பேர். சின்ன வயசில் நானும் செய்தவன்தான். அப்போது வண்டியை நிறுத்துவதற்கு பிரேக் மட்டும்தான் இருக்கும். 10 வளைவு தாண்டுவதற்குள் டிரம் சூடாகி பிரேக் பிடிக்காமல் போகும். எந்த கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்கினால் என்ஜினே வண்டியைப் பிடித்து நிறுத்தும். மிச்சமாகும் பெட்ரோல் ஒரு டீ காசுக்கும் வராது. கியர் இல்லாத ஸ்கூட்டரில் இந்த என்ஜின் பிடிமானம் குறைவு. அதில் போகிறவர்கள் வழியில் நிறுத்தி நிறுத்தி பிரேக்கை ஆறவிட்டு இறங்கணும்.

இன்னொன்று, வறண்ட ரோட்டில் பெய்கிற முதல் கால்மணி நேர மழை. ரோட்டில் படிந்த எண்ணெயும் தூசியும் கலந்து வழுக்கும். அந்த கால்மணி நேரம் ஓரமாக நின்றுவிடுவது நல்லது. மேலே ஏறி வரும் வண்டிக்குத்தான் முதலில் வழி விடணும் என்பதும் சட்டம்.

தெற்கே போகிறவர்களுக்கு

குற்றாலம், கன்னியாகுமரி என்று போகிறவர்கள் காற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை ஆரல்வாய்மொழி கணவாயில் காற்று பக்கவாட்டில் தள்ளும். அங்கே இத்தனை காற்றாலை நிற்பது சும்மா இல்லை. லாரியைத் தாண்டி வெளியே வரும்போது சட்டென்று அடிக்கும், ஹேண்டில் பாரை இறுக்கிப் பிடிக்கணும். குற்றால சீசன் ஜூன் முதல் ஆகஸ்டு வரை. ஆனால் 2024 மே 17-ந்தேதி பழைய குற்றாலத்தில் திடீரென்று வந்த காட்டாற்று வெள்ளத்தில் 17 வயது சிறுவன் பலியானான். அருவியில் தண்ணீர் நிறம் மாறி, சருகும் குச்சியும் வந்தால் அடுத்த நிமிஷம் கரையேறிவிடணும்.

மார்கழியில் திருச்செந்தூர் போகிறவர்களுக்கு 2023 டிசம்பர் ஞாபகம் இருக்கும். 17, 18-ந்தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை. திருச்செந்தூரில் இருந்து கிளம்பிய ரெயிலே ஸ்ரீவைகுண்டத்தில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு நின்றுபோனது.

அடிவாரத்தில் ஒரு போன்

சென்னை வானிலை மையம் தினமும் மாவட்ட வாரியாக எச்சரிக்கை தருகிறது. மஞ்சள் என்றால் பொதுவாக 7 முதல் 11 செ.மீ. வரை மழை, ஆரஞ்சு 12 முதல் 20 செ.மீ. வரை, சிவப்பு 20 செ.மீ.க்கும் மேல். பலரும் விழுப்புரத்துக்கு என்ன கலர் என்று மட்டும் பார்க்கிறார்கள். ஏற்காட்டுக்கு சேலம், கொல்லிமலைக்கு நாமக்கல், கல்வராயன்மலைக்கு கள்ளக்குறிச்சி, ஜவ்வாதுமலைக்கு திருவண்ணாமலை என்று போகிற மாவட்டத்தையும், வழியில் உள்ள மாவட்டத்தையும் பார்க்கணும். மலை மாவட்டத்துக்கு ஆரஞ்சு என்றாலே பயணத்தை அடுத்த வாரத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். மாவட்ட பேரிடர் கட்டுப்பாட்டு அறை எண் 1077, மாநில எண் 1070.

மலையில் மாட்டிக்கொண்டவர்கள் ராத்திரி மழையில் இறங்கத் துணிவது பெரும்பாலும் திங்கட்கிழமை வேலைக்காகத்தான். ஒரு நாள் கூலி போகும், மேஸ்திரி திட்டுவார், சூப்பர்வைசர் ஆப்சென்ட் போடுவார். அதனால் கிளம்பும்போதே "மழை வந்தா திங்கள் மதியம்தான் வருவேன்" என்று சொல்லி வைத்துவிட்டுப் போகணும். ஒரு ராத்திரி கூடுதலாகத் தங்குவதற்கான பணத்தை தனியாக வைத்திருக்கணும். அது முடியாதவர்கள் மழை மாதத்தில் மலை ஏறாமல் இருக்கலாம்.

ஆத்தூரிலோ, வாழப்பாடியிலோ டீ குடிக்க நிறுத்தும்போது, மேலே தங்கப்போகும் லாட்ஜுக்கு ஒரு போன் போட்டு, "ரோடு எப்படி இருக்கு, காலையில பஸ் ஏறுச்சா?" என்று கேட்டால் போதும். அரசு பஸ் ஏறவில்லை என்றால் நாமும் ஏறக்கூடாது. கீழே மழை விட்டிருந்தால் சேலத்தில் இருந்து ஒரு மணி நேர ஓட்டத்தில் மேட்டூர் அணை இருக்கிறது. பூங்காவைச் சுற்றிவிட்டு, வறுத்த மீனைச் சாப்பிட்டுவிட்டு, வெளிச்சம் இருக்கும்போதே உளுந்தூர்பேட்டை ரோட்டைப் பிடித்துவிடலாம்.